சக்கரம் கழற்றிய ரசவடை வண்டி

ஐந்தாம் வகுப்பு படித்த காலத்தில், ஒரு சிவப்புத் தண்ணீர்ப் பாட்டிலை வைத்து ஒரு தெருவையே நான்கு நிமிடத்தில் மறைய வைக்கும் வித்தை எனக்குக் கைவந்திருந்தது. கணக்குப் பாடத்தில் நான் சுமார்தான். தையல் வகுப்பில் அதைவிட மோசம். ஆனால் இந்த ஒரு வித்தையில் என்னை மிஞ்ச எங்கள் டவுனில் ஆள் கிடையாது என்று நம்பினேன். அந்த எண்ணத்தை இன்றைக்கும் முழுதாக விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கீரிப்பாறை பஸ் வந்து நிற்கும் மூலையிலிருந்து தொடங்கும் சின்னத் தெரு அது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் அங்கே ஏழு தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். ரப்பர் தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க இறங்கி வருகிறவர்கள், அஞ்சுகிராமம் பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நிற்கிறவர்கள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் என்று எல்லோருக்கும் அங்கேதான் பசியாறும். முதல் வண்டியில் நிலக்கடலை வறுப்பவரை நான் கடலை மாமா என்று கூப்பிடுவேன். கடைசி வண்டி பீகாரிலிருந்து வந்த பானிபூரி அண்ணனுடையது. நடுவில் நிற்பது என் அத்தையின் ரசவடை வண்டி.

வெளியூர்க்காரர்களுக்கு ரசவடையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மொறுமொறுவென்று பொரித்தெடுத்த பருப்பு வடையைக் கொதிக்கிற ரசத்தில் போட்டு ஊற வைத்துக் கிண்ணத்தில் கொடுப்போம். மொறுமொறுப்பாகச் சுட்டதை எதற்கு நனைக்க வேண்டும் என்று கேட்பார்கள். அவர்களுக்கு நாங்கள் பதில் சொல்வதில்லை, ஒரு கிண்ணம் கொடுத்துவிடுவோம். இரண்டாவது கிண்ணத்துக்குக் கை நீட்டும்போது அந்தக் கேள்வி தானாகவே ஓய்ந்துவிடும்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். அவள் கணவர், அதாவது என் மாமா, கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ஒரு மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்து கால் முட்டு போனது. அதற்குப் பிறகு மலை ஏற முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே கிரைண்டரில் பருப்பு அரைத்துக் கொடுப்பதும், உப்பு போதாது என்று குற்றம் சொல்வதும் அவர் பங்கு வேலை. இரண்டு பிள்ளைகளின் படிப்பு, மாமாவின் மருந்து, வீட்டு வாடகை எல்லாம் அந்த வண்டியின் மேல்தான் நின்றன. அய்யாவழிக்காரியான அத்தை தினமும் நெற்றியில் நாமத்தை நீளமாக இட்டு, "அய்யா உண்டு" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

அய்யா உண்டுதான், ஆனால் நகராட்சி ஜீப்பும் உண்டு. ஐந்து மணிக்கு மேல் எந்த நாளிலும் வரும். முன்னால் ஜீப், பின்னால் லாரி. ஆட்கள் குதித்து இறங்கி, அகப்பட்ட வண்டியை அடுப்போடும் பாத்திரத்தோடும் தூக்கி லாரியில் போடுவார்கள். ரோட்டை ஆக்கிரமித்துக் கடை போட்டதாக ஒரு ரசீது எழுதிக் கையில் கொடுப்பார்கள். மீட்பதற்கு மூன்று நாள் அலைய வேண்டும். ஒரு முறை ரசம் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவையே தூக்கிக்கொண்டு போனார்கள். "அந்த ரசத்தையாவது குடிச்சிட்டுப் போங்கடே, புளி நல்ல புளியாக்கும்" என்று அத்தை லாரிக்குப் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ரசீதுகளை அவள் எறிய மாட்டாள். அரசாங்க முத்திரை விழுந்த தாளை எறியக் கூடாது என்பது அவள் கொள்கை. சித்தப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவில், ரேஷன் கார்டுக்கும் பிள்ளைகளின் ஜாதிச் சான்றிதழுக்கும் நடுவில், அவையும் மரியாதையாகப் படுத்திருக்கும். "திருடன் குடுத்த சர்ட்டிபிகேட்டையும் பத்திரமா வைப்பா இவ" என்று மாமா கேலி செய்வார்.

எனக்கு டியூஷன் அந்தத் தெரு முனையில், மாடியில். குரூப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா செலவுக்காகப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்தாள். அந்த ஜன்னலில் உட்கார்ந்தால் மெயின் ரோடு வளைவு வரை தெரியும். இதைக் கண்டுபிடித்தது அத்தைதான்.

"மக்கா, நீ ஜன்னல் பக்கமா இரி. ஜீப்பு வளைவுல திரும்பினா ஒனக்க பாட்டில எடுத்து வெளிய கம்பியில தொங்கப்போடு. அது போதும்."

பாட்டில் தொங்கியதும் கீழே கடலை மாமா பார்த்துவிடுவார். வழக்கமாக வாடிக்கைக்காக இரும்புச் சட்டியில் சட்டுவத்தால் மெதுவாகத் தட்டுகிறவர், அப்போது மூன்று தட்டு வேகமாகத் தட்டுவார். அவ்வளவுதான். ஏழு வண்டிகளும் எதிரே இருந்த பழைய எண்ணெய் மில்லின் வளாகத்துக்குள் போய்விடும். மில் மூடிப் பல வருஷமாகியிருந்தது. வாட்ச்மேன் தினமும் ஒரு கிண்ணம் ரசவடைக்குக் கேட்டைத் திறந்துவைத்திருப்பார். எல்லோரும் உருட்டிக்கொண்டு ஓடலாம், அத்தையால் மட்டும் முடியாது. ரசம் சிந்தும். அண்டாவின் வாயில் ஈரத் துணியைக் கட்டி, குழந்தையைத் தொட்டிலில் தள்ளுவதுபோல் தள்ளிக்கொண்டு போவாள். பானிபூரி அண்ணன் தன் வண்டியை உள்ளே விட்டுவிட்டு வந்து அவளுக்குக் கை கொடுப்பான். அவன் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வாக்கியமே "வண்டி வருது, ஓடு" என்பதுதான்.

இப்படி எத்தனையோ முறை நடந்து, எங்கள் தெருவில் லாரி வெறுங்கையோடு திரும்பிப் போவது வழக்கமாகிவிட்டது. எனக்கு மரியாதையும் கூடிவிட்டது. நான் தெருவில் நடந்தால் கடலை மாமா ஒரு பொட்டலம் நீட்டுவார். ஐந்தாம் வகுப்பில் வேறு யாருக்கு இந்தச் செல்வாக்கு இருந்தது?

அன்று ஒரு வெள்ளிக்கிழமை. டியூஷன் அக்கா பெருக்கல் கணக்கு கொடுத்திருந்தாள். ஜீப் வளைவில் திரும்பியது. பின்னால் லாரி இல்லை. ஓகோ, தந்திரம் செய்கிறார்கள், லாரியை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு வருகிறார்கள் என்று நான் உடனே முடிவுகட்டினேன். என் அறிவைக் கண்டு எனக்கே பெருமையாக இருந்தது. பாட்டிலைத் தொங்கவிட்டேன். சட்டியில் மூன்று தட்டு விழுந்தது. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை, தெரு துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது.

ஜீப்பிலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டை வைத்த தாள்கள், ஒருவரிடம் கேமரா. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார்கள். காற்றில் பெருங்காய வாசம் இருந்தது. ரோட்டில் ரசம் சொட்டிய தடம் மில் கேட்டு வரைக்கும் போயிருந்தது. ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். ஆளைக் காணோம். தாளில் என்னவோ எழுதினார்கள், வெறும் தெருவைப் படம் பிடித்தார்கள், போய்விட்டார்கள்.

மில்லுக்குள் அன்று திருவிழாதான். பானிபூரி அண்ணன் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினான். அத்தை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கொண்டுவந்தேன் என்று பொய் சொன்னாள். மண்டைக்காட்டுக் கோயில் கொடைக்குக்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

திங்கட்கிழமை டியூஷனுக்கு வந்த அக்காவின் முகம் சரியில்லை. பாடம் எடுக்காமல் நேராகக் கீழே இறங்கி அத்தையிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அத்தே, வெள்ளிக்கிழமை வந்தது யாருன்னு தெரியுமா? அள்ள வந்தவங்க இல்ல. எண்ண வந்தவங்க."

"எதை எண்ண?"

"ஒங்களத்தான்."

அக்கா சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். தெருவில் விற்கிறவர்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. முதலில் யார் யார் எங்கே விற்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். பட்டியலில் பெயர் வந்தால் படம் போட்ட அட்டை தருவார்கள். அட்டை இருந்தால் லாரி தொட முடியாது. அந்தச் சட்டத்தை அவள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தாள், வருஷம், பிரிவு எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். கணக்கெடுப்புக்கு வருகிறோம் என்று நோட்டீஸும் ஒட்டியிருந்தார்களாம், நகராட்சி ஆபீஸ் சுவரில். எங்கள் தெருக்காரர்கள் அந்தச் சுவர் இருக்கும் ரோட்டில்கூட நடப்பதில்லை. எலி போய்ப் பூனை வீட்டுச் சுவரில் நோட்டீஸ் படிக்குமா?

இப்போது புதிய நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இந்தத் தெருவில் வியாபாரிகள் யாருமில்லை. எனவே இது வியாபாரம் தடை செய்யப்பட்ட தெரு. கடை போட விரும்புகிறவர்களுக்குச் சுடுகாட்டு ரோட்டில் இடம் ஒதுக்கப்படும்.

"சுடுகாட்டு ரோட்டுலயா? அங்க போற ஆளுவ ரசவடையா கேக்கும்?" என்றாள் அத்தை. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

பிறகு எல்லோருக்கும் ஒரே கேள்விதான் வந்தது. லாரி இல்லாமல் வந்த ஜீப்புக்கு சிக்னல் கொடுத்தது யார்? ஏழு வண்டிக்காரர்களும் மேலே ஜன்னலைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். பழரச வண்டிக்காரர், "சின்னப் பிள்ளைய நம்பி தொழில் செஞ்சா இப்பிடித்தான்" என்றார். அத்தையின் வீட்டு வாடகையும் மாமாவின் மருந்தும் பானிபூரி அண்ணன் ஊருக்கு அனுப்புவதும் எல்லாம் என் பாட்டிலில் தொங்கிப் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. நான் அழ ஆரம்பித்தேன்.

அத்தை அகப்பையைக் கீழே வைத்தாள். "பிள்ளைக்கு சொல்லிக்குடுத்தது நானாக்கும். ஜீப்பு வந்தா பாட்டிலப் போடுன்னுதான் சொன்னேன், லாரி இருக்கா இல்லியான்னு பாக்கச் சொல்லல்ல. குத்தம் எனக்க மேல. ஆருக்காவது பேசணும்னா எனக்கிட்ட பேசு" என்றாள். அவள் என் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, "கரையாத மக்கா. ஒனக்க கண்ணு நல்ல கண்ணு. இனியும் நீதான் பாக்கணும்" என்றாள். அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் வாழ்நாளில் எந்த ஜன்னல் பக்கமும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

மறு வாரம் மனு கொடுக்கிற நாளில் அத்தை, கடலை மாமா, டியூஷன் அக்கா மூவரும் நகராட்சி ஆபீஸுக்குப் போனார்கள். பள்ளி விடுமுறையானதால் நானும் போனேன். அத்தை மணிக்கட்டில் பை மாட்டியிருந்தாள்; பைக்குள் பிஸ்கட் டப்பா. அங்கே அதிகாரியாக இருந்தவர் ஒரு பெண். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அந்தத் தெருவுல கடையே இல்லன்னு ரிப்போர்ட் இருக்கும்மா. போட்டோவும் இருக்கு" என்று வெறும் தெருவின் படத்தைக் காட்டினார்.

அத்தை டப்பாவைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தாள். மஞ்சள், ரோஸ், வெள்ளை என்று ரசீதுகள் குவிந்தன. சிலதில் எண்ணெய்க் கறை, ஒன்றில் ரசத்தின் மஞ்சள். அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அத்தையின் பெயர், அதே தெருவின் பெயர், அதே ஆபீஸின் முத்திரை. சிலவற்றில் பக்கத்து மேஜைக்காரருடைய கையெழுத்தே இருந்தது. அவர் அப்போது அவசரமாக ஒரு ஃபைலைத் தேட ஆரம்பித்தார்.

"நாங்க அங்க இல்லேண்ணா, இதெல்லாம் ஆருக்கு எழுதினதும்மா? பேய்க்கா?" என்றாள் அத்தை.

அந்த அதிகாரி சிரித்துவிட்டார். முதலில் வாயை மூடிக்கொண்டு, பிறகு மூடாமலே. ரசீதுகளை அடுக்கி, கட்டு போட்டு, நகல் எடுத்து வரும்படி சொன்னார். மாமா கேலி செய்த அந்தச் சர்ட்டிபிகேட்டுகள் அரசாங்க மேஜையில் அரசாங்கத்தையே மடக்கி உட்காரவைத்ததைப் பார்த்தபோது, எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அதற்குள் தண்ணீர் தவித்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு வராந்தாவில் குழாயைத் தேடிப் போனேன். திரும்பி வந்தபோது பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"மறுபடி எண்ண வருவாங்களா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"வருவாங்க. என்னைக்குன்னு சொல்ல மாட்டாங்களாம். வர்ற அன்னைக்கு யாரு வண்டி நிக்குதோ அவங்க பேரு வரும்" என்றாள் அக்கா. அத்தை வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. பெரிய காரியம் ஜெயித்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை மாமா ஆட்டோவில் வந்து தெருவில் இறங்கினார். முட்டு போன பிறகு அவர் அங்கே வந்தது அதுதான் முதல் முறை. கையில் ஸ்பானர் இருந்தது. ரோட்டோரத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, வண்டியின் நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடலை மாமாவும் பானிபூரி அண்ணனும் வண்டியைத் தூக்கிப் பிடிக்க, அத்தை அடியில் நான்கு பாறைக்கல்லை வைத்தாள். உப்பு போதாது, உறைப்பு போதாது என்று எதற்கும் ஏதாவது சொல்லும் மாமா அன்று வாய் திறக்கவில்லை. சக்கரங்களைக் கட்டி அதே ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஏன் அத்தே கழத்தின?"

"நல்லா ஒறச்சு நிக்கட்டும்னுதான்" என்றாள்.

கடை மாதிரி நிலையாக இருந்தால்தான் எண்ண வருகிறவர்கள் மதிப்பார்கள் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பள்ளியில் என் தோழியிடமும் அப்படியே விளக்கினேன்.

சிக்னலையும் மாற்றிக்கொண்டார்கள். பாட்டில் தொங்கும், சட்டியில் மூன்று தட்டு விழும். ஆனால் இனி அதற்கு அர்த்தம் ஓடு என்பதல்ல, நில் என்பது. சொல்வது எளிது. இத்தனை நாளாக அந்தச் சத்தம் கேட்டதும் ஓடிப் பழகிய கால்கள் அவை. பானிபூரி அண்ணனிடம் அத்தை தினமும் பாடம் நடத்தினாள்: "ஓடாண்டாம். வெளங்கிச்சா? ஓடாண்டாம்." அவன் தலையாட்டுவான். அவன் கை மட்டும் வண்டியின் கைப்பிடியை விடாது.

இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை, மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்தது. ஜீப் வளைவில் திரும்பியது. இந்த முறை பின்னாலேயே லாரியும் வந்தது. முதல் முறை எண்ண வந்தபோது வெறும் ஜீப். இப்போது லாரியும் சேர்ந்து. அப்படியானால் இது பெரிய கணக்கெடுப்பு, தாள்களை ஏற்றவே லாரி வேண்டியிருக்கிறது என்று நான் கணக்குப் போட்டேன். பாட்டிலைத் தொங்கவிட்டேன். சந்தோஷம் தாங்காமல் ஜன்னலில் நின்று கைதட்டினேன். "உக்காரு" என்று அதட்டிய டியூஷன் அக்காவும், எழுந்து வந்து வெளியே பார்த்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அவள் கை ஏன் அவ்வளவு ஜில்லென்று இருந்தது என்று நான் கேட்கவில்லை.

கீழே மூன்று தட்டு விழுந்தது. மூன்றாவது தட்டு கொஞ்சம் பிசகியது. பழரச வண்டி அசைந்தது. பானிபூரி வண்டி இரண்டடி நகர்ந்தேவிட்டது. அத்தை அகப்பையை நீட்டி அதன் சட்டத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"நில்லுடே! எனக்க வண்டியப் பாரு. இதுக்குக் காலு உண்டா ஓட? நான் இஞ்சதான் நிக்குகேன். நீயும் நில்லு!"

அவன் நின்றான். அவன் நின்றதும் பழரச வண்டி நின்றது. கடலை மாமா கண்ணை மூடி "இயேசப்பா" என்றது மாடிக்குக் கேட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தத் தெரு, ஜீப்பைப் பார்த்த பிறகும் தெருவாகவே இருந்தது. அத்தை அண்டாவைத் திறந்து, வரிசையில் நின்ற ஒரு தோட்டத் தொழிலாளியின் கிண்ணத்தில் இரண்டு வடை போட்டு, ரசத்தை மேலே ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. இந்த முறை அது பொய்யில்லை.

ஜீப் வந்து நேராக அவள் வண்டிக்கு முன்னால் நின்றது. லாரி முனையில் நின்றது. மேலே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜீப் கதவு திறக்க எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒருவர் இறங்கினார். ரசீதுகளில் கையெழுத்துப் போட்டவரே அவர். அவர் கையில் தாள்கள் வைத்த அட்டை இருந்தது. கழுத்தில் கேமரா தொங்கியது.

"பேரு சொல்லுங்கம்மா" என்றார்.

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ரசவடை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று அவள் தன் பெயரையும், தன் அப்பா பெயரையும், கேட்காத ஊர்ப் பெயரையும் சேர்த்து மாடிக்குக் கேட்கும்படி சொன்னாள். படம் எடுக்கப் போனபோது, "ஒரு நிமிஷம் சார்" என்று தடுத்து, முகத்தைத் துடைத்து, வியர்வையில் கலைந்த நாமத்தைச் சரிசெய்துகொண்டாள். ஏழு வண்டிகளையும் எண்ணினார்கள். பானிபூரி அண்ணனிடம் பெயர் கேட்டபோது அவன் பதற்றத்தில் "வண்டி வருது" என்றான். தெருவே சிரித்தது, எண்ண வந்தவர்களும் சிரித்தார்கள். லாரி ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு மெயின் ரோட்டில் போய்விட்டது. கையெழுத்துக்காரர் போகும்போது ஒரு கிண்ணம் ரசவடை சாப்பிட்டார்; வீட்டுக்கும் பொட்டலம் கேட்டார். அத்தை கூட இரண்டு வடை போட்டுக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் அன்று ராஜ்ஜியம் பிடித்த குதூகலம்தான். மாமா உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னார்.

சில மாதங்களில் அட்டைகள் வந்தன. அத்தை நாமத்தோடு நேராகப் பார்க்கிற படம். அட்டையின் பின்பக்கத்தில் நிபந்தனைகள் இருந்தன; இரவு வியாபாரம் முடிந்ததும் வண்டியைத் தெருவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. அதனால் மாமா மறுபடியும் ஸ்பானரோடு வந்து சக்கரங்களை மாட்டினார். பானிபூரி அண்ணன் தன் அட்டையை எடுத்து ஊருக்குப் படம் அனுப்பினான். என் சிவப்புப் பாட்டில் தண்ணீர் குடிக்க மட்டும் பயன்பட ஆரம்பித்தது.

இதெல்லாம் நடந்து நான் கல்லூரியும் முடித்தாகிவிட்டது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அந்த வண்டியின் முன்னால் டியூஷன் அக்காவைப் பார்த்தேன். பரீட்சையில் ஜெயித்து இப்போது ஒரு பேரூராட்சி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். ரசவடையைச் சாப்பிட்டுக்கொண்டே பழசைப் பேசினோம். கணக்கெடுப்புத் தாள்களை ஏற்ற வந்த லாரியைப் பற்றி நான் சொன்னதும், அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"தாளு ஏத்தவா? அது அள்ளுற லாரிதான். அன்னைக்கு வேற தெருவுக்கு அள்ளப் போற வழியில ஜீப்போட சேந்து வந்திருக்கு. அது நமக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது."

அன்று நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் அந்த அதிகாரி அம்மா சொன்னதை அப்போதுதான் அக்கா அப்படியே சொன்னாள்: எண்ணுவது என் பிரிவு, அள்ளுவது வேறு பிரிவு; ஆள் போதாமல் சிலர் இரண்டுக்கும் போவார்கள். எண்ணி முடிக்கும்வரை அள்ளக் கூடாது என்றுதான் சட்டம்; நான் எழுதிப் போடுகிறேன், ஆனால் லாரி நாளைக்கே நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஜீப்பும் ஒரே ஜீப்தான். எது எதற்கு வருகிறது என்று வந்து நின்ற பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

அத்தை அடுப்பைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலை முழுக்க நரைத்துவிட்டது. "அத்தே, லாரியைப் பாத்தும் ஒனக்குப் பயமே வரலியா?" என்று கேட்டேன்.

"பேடி இல்லாம இருக்குமா?" என்றாள். "சக்கரம் கெடந்திருந்தா நான்தான் மக்கா மொதல்ல ஓடியிருப்பேன். அதாலல்லா கழத்தச் சொன்னேன்."

அவள் அங்கே ஓட வழியில்லாமல் நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில்தான், நான் மாடி ஜன்னலில் நின்று லாரியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தேன்.